ஐந்து விநாடிச் சுடர்

டண்டீயில் டிசம்பர். நாலு மணிக்கே இருட்டு.
பதினாறு வருடம் பஸ் ஓட்டிய கைகள்
இப்போது மீட்டரின் இரு முனைகளைப் பிடித்திருக்கின்றன,
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று.

மாலைக் கல்லூரியில்
சுவரோடு சுவராக ஏழு பாய்லர்கள்.
நாங்கள் டீ குடிக்கப் போகும் நேரம் பார்த்து
ஸ்ட்ரூவன், என்னைவிட ஒன்பது வயது இளையவன்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் வைத்துவிடுவான்.
ஒன்றில் ஒயரைக் கழற்றிக்
கழற்றாததுபோல் சாய்த்து வைப்பான்.
இன்னொன்றின் ரப்பர் குழாயில் ஒரு சொட்டு நீர்.
"பாகத்தை மாற்றாதே, வரிசையைக் கேள்" என்பான்.

வரிசை எனக்குத் தலைகீழ்ப் பாடம்.
விசிறி சுழலும். காற்றின் அழுத்தம் ஒரு விசையைத் தட்டும்.
பொறி. வால்வு. தீ.
பிறகு, தீ இருக்கிறதா என்று
இயந்திரம் தானே ஒருமுறை தொட்டுப் பார்க்கும்.
அந்தக் கடைசி வரியை மட்டும்
பரீட்சைக்காகப் படித்தேன்.

வில்மா கிட், மூன்றாம் மாடி.
கோட்டின் மேல் போர்வை,
அவள் காலடியில் ஸ்வெட்டர் போட்ட வேட்டைநாய்.
பாய்லர் பற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு,
ஐந்து. அணைந்தது.
மறுபடி பற்றியது. ஐந்து. அணைந்தது.
மூன்றாவதற்குப் பிறகு சிவப்பு விளக்கு, பிடிவாதம்.

"மூளை போய்விட்டது" என்றேன்,
ஸ்டெதாஸ்கோப்தான் குறை.
புது சர்க்யூட் போர்டு இருநூற்று நாற்பது பவுண்டு.
இரண்டு தவணையாகத் தரலாமா என்று கேட்டாள்.
மாட்டினேன். பற்றியது, நின்று எரிந்தது.
(என் கை பட்டதில் உள்ளே ஏதோ அசைந்திருக்கிறது.
அன்று அது என் திறமை.)

நாலாம் நாள் போன்.
"அது மறுபடியும் ஐந்துதான் எண்ணுகிறது."

வெளியே மைனஸ் ஆறு.
இந்தமுறை எதையும் கழற்றாமல்
அடுப்படியில் நின்று வரிசையை வாய்விட்டுச் சொன்னேன்.
நாய் என்னைப் பார்த்தது.
விசிறி, சரி. விசை, சரி. பொறி, வால்வு, தீ, சரி.
தொட்டுப் பார்த்தல்.

தீ மின்சாரம் கடத்தும்.
பஸ் ஓட்டிய காலத்தில் யாராவது சொல்லியிருந்தால்
அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டிருப்பேன்.
சுடருக்குள் ஒரு கம்பி நிற்கிறது.
அதன் வழியே மைக்ரோஆம்ப் கணக்கில் ஒரு முணுமுணுப்பு.
அது காதில் விழுந்தால்தான்
தீ உண்டென்று நம்பும் போர்டு.
விழாவிட்டால் எரிகிற தீயையே இல்லையென்று
கேஸை அடைத்துவிடும்.
கோளாறு இல்லை அது. அதன் வேலை.

மீட்டரில் புள்ளி நாலு.
இந்த மாடலுக்கு மூன்றாவது வேண்டும்.
கம்பியை வெளியே எடுத்தேன்,
காய்ச்சல்காரன் நாக்குபோல் வெளுத்திருந்தது.
உப்புத்தாளால் நாலு இழுப்பு,
அடியில் புது கேஸ்கெட்.
மூன்று புள்ளி எட்டு.

நாலு, ஐந்து,
ஆறு.
இருவரும் எண்ணினோம்.
அவள் முப்பதில் நிறுத்தினாள். நான் தொண்ணூறு வரை போனேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
வேனிலிருந்து பழைய போர்டை எடுத்துவந்து
இருந்த இடத்திலேயே மாட்டினேன்.
ஒரு வார்த்தை சொல்லாமல் வேலை செய்தது.
இரண்டாம் தவணை வேண்டாம் என்றேன்,
முதல் தவணையை மேசைமேல் வைத்தேன்.
வில்மா நோட்டுகளை எண்ணிப் பார்த்தாள், இருமுறை.
டீ தரவில்லை. நியாயம்தான்.

பிரித்த பெட்டியைக் கடைக்காரன் திரும்ப எடுக்கமாட்டான்.
புது போர்டு என் சீட்டுக்கு அடியில்
வளைவுகளில் இடமும் வலமும் சறுக்கிக்கொண்டு
ஊர் சுற்றுகிறது,
எந்த வீட்டிலாவது
நிஜமாகவே மூளை போகும் வரை.